மேலே ஆறிய காயம்

பட்டர்நட் பள்ளம், ஓஹையோ
மார்ச் 20

பிரியமுள்ள தங்கச்சி ட்ரூசில்லாவுக்கும் அட்லீக்கும் பிள்ளைகள் நால்வருக்கும் சலோமா வாழ்த்துச் சொல்லி எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது தோளில் குடைச்சல் இருக்கிறது. ஆனால் அது மழை வருவதை முன்கூட்டியே சொல்லுகிற தோள், அதனால் குறை சொல்லமாட்டேன். உங்கள் பக்கம் பனி உருகிவிட்டதா? அட்லீயின் இருமல் நின்றதா?

இத்தோடு ஆறு டப்பா களிம்பு அனுப்புகிறேன். பழைய களிம்பு என்று நினைக்காதே. மஞ்சள் வேர் போட்டால் நம் வெள்ளைத் தொப்பியிலும் படுக்கை விரிப்பிலும் கறை ஏறுகிறது, எவ்வளவு துவைத்தாலும் போகவில்லை என்று இங்கே பெண்கள் ஓயாமல் முணுமுணுத்தார்கள். அதனால் வேரைக் கால்வாசியாகக் குறைத்துவிட்டு, காம்ஃப்ரி இலையை மூன்று மடங்காக்கிவிட்டேன். புண்ணின் வாயைக் கூட்டுகிற இலை அதுதானே. எண்ணெயில் மூன்று நாள் இளஞ்சூட்டில் ஊறவைத்து, பழைய தொப்பித் துணியில் பிழிந்து, தேன்மெழுகு சேர்த்தேன். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் வெண்ணெய் மாதிரி நிற்கிறது. கறை என்ற பேச்சே இல்லை.

பிஷப்பின் மனைவி ரொட்டிக் கத்தியால் உள்ளங்கையை வெட்டிக்கொண்டாள். மூன்றே நாளில் மூடிவிட்டது. ஆராதனை முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவும்போது எல்லோருக்கும் கையை விரித்துக் காட்டி, "சலோமா கையில என்னமோ இருக்குடீ" என்றாள். பெருமை கூடாதுதான். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை என் முகத்தில் சிரிப்பு நின்றது.

தம்பி ரோமனும் அவன் வீட்டாரும் விசாரித்தார்கள். அவன் பேனாவைத் தொடமாட்டான் என்று உனக்குத் தெரியும்.

அன்புடன், சலோமா


எல்க் வளைவு, மான்டானா
ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். நாங்கள் சுகம், இருமல் நின்றுவிட்டது. பனி மட்டும் வேலியின் வடபக்கம் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. உன் தோள் எப்படி?

உன் கடிதம் வந்தால் இங்கே பாதித் திருவிழா. பதினொரு குடும்பங்கள்தான் இந்தப் புதுக் குடியேற்றத்தில். எல்லாக் கதையும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாடு முடிந்து தட்டை எடுப்பதற்கு முன் அட்லீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார், உன் குரலிலேயே. தோள் வரி வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மழை வருது, துணிய எடுங்கடி!" என்றார். மார்லினுக்கு மூக்கில் பால் ஏறிவிட்டது. பிறகு என்னிடம், "உங்க அக்கா புருஷன் வேண்டாம்னு களிம்பக் கட்டிக்கிட்டா. நல்ல முடிவு. களிம்பு எதுத்துப் பேசாது" என்றார். நான் சொல்லவில்லை, அவர்தான் எழுதச் சொன்னார்.

நம் வீடுகளில் டெலிபோன் கூடாதே, அவசரம் என்றால் நம் சபையைச் சேராத ஹாகன் அம்மாவிடம் இருக்கிறது. எண்ணை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல மனுஷி, எங்களைத் தன் மோட்டார் வண்டியிலும் ஏற்றிப் போவாள்.

தனியாக ஒரு சீட்டும் மடித்து வைத்திருக்கிறேன். நீயும் அந்த விஷயத்துக்குப் பதிலைச் சீட்டிலேயே எழுது. அட்லீ அதைப் பிரிக்கவே மாட்டார். "பொம்பளைங்க சீட்டு" என்று இரண்டு விரலால் பிடித்து, சூடான உருளைக்கிழங்கை நீட்டுகிற மாதிரி என்னிடம் நீட்டுவார்.

உன் ட்ரூசில்லா

(சீட்டு) அக்கா, அக்டோபர் கடைசியில் எங்கள் வீட்டில் ஐந்தாவது தொட்டில். பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த முறை மயக்கம் அதிகம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?


பட்டர்நட் பள்ளம்
மே 14

பிரியமுள்ள தங்கச்சிக்கும் வீட்டார் எல்லோருக்கும்,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம். அட்லீ, படிப்பதை நிறுத்தாதே: என் குரல் உன் குரலைவிட நன்றாகவே இருக்கும். உன்னை வாயடைக்கிற களிம்பு ஒன்று கிண்டிக்கொண்டிருக்கிறேன், பொறு.

ஒரு செய்தி. ரோமனின் டோரா, நீ இங்கிருந்து போகும்போது பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்களே, அந்தக் குதிரைதான், வேலிக் கம்பியின் முனையை மிதித்துவிட்டது. குளம்புக்கு மேலே, சதையில் ஒரு விரல் ஆழம். ரோமன் குதிரை டாக்டரைக் கூப்பிடக் கிளம்பினான். "நாலு நாள் குடுடா" என்று நிறுத்தினேன். உப்புத்தண்ணீரில் கழுவி, களிம்பை அப்பிக் கட்டினேன். நான்காம் நாள் அவிழ்த்தால், காயம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்! ரோமன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீ டாக்டருங்க பொழப்பக் கெடுத்துருவ" என்றான். பிள்ளைகளிடம் சொல், டோரா பிழைத்துக்கொண்டது.

இப்போது பக்கத்துச் சபைகளிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு களிம்புக்கு வருகிறார்கள். காம்ஃப்ரி பாத்தியை இரட்டிப்பாக்கியிருக்கிறேன்.

உன் சலோமா

(சீட்டு) ராஸ்பெர்ரி இலைக் கஷாயத்தை இப்போது குடிக்காதே, ஆகஸ்ட் தாண்டட்டும். மயக்கம் வந்தால் உட்கார். நீ உட்காரமாட்டாய், தெரியும், ஆனாலும் உட்கார்.


எல்க் வளைவு
ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலம், நலம் அறிய ஆசை. தலைசுற்றல் குறைந்துவிட்டது (இதை அட்லீ படிக்கமாட்டார், நான் எழுதுவதை அவர் பார்ப்பதில்லை).

ஜூலை 12, புதன்கிழமை எங்கள் மரக் களஞ்சியம் எழும்பப்போகிறது. ஹாகன் அம்மாவின் இடிந்த கொட்டகையைப் பிரித்து மரம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நல்ல பழைய மரம். ஆனால் பலகைக்குப் பலகை துருப்பிடித்த ஆணி, முற்றமெல்லாம் சாணியும் ஆணியும்தான். பிள்ளைகளை வெறுங்காலோடு விடுவதில்லை. அட்லீயை யார் கேட்பது? அவர் பூட்ஸின் அடி ரொட்டித் துண்டு மாதிரி தேய்ந்திருக்கிறது.

டோரா கதையை அவர் மூன்று முறை படித்தார். குதிரை நொண்டுகிற மாதிரியும், பிறகு துள்ளுகிற மாதிரியும் நடித்துக் காட்டினார். டோரா இப்போது வண்டி இழுக்கிறதா என்று பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள். மறக்காமல் எழுது.

உன் ட்ரூசில்லா


பட்டர்நட் பள்ளம்
ஜூன் 27

பிரியமுள்ள தங்கச்சிக்கும் வீட்டாருக்கும்,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. இங்கே எல்லோருக்கும் பரவாயில்லை. ஸ்ட்ராபெர்ரி இந்த வருஷம் கொட்டுகிறது; முப்பத்தாறு ஜாடி ஜாம் போட்டேன், கையெல்லாம் சிவப்பு. ரோமன் வீட்டுக் கடைக்குட்டிக்குப் பல் விழுந்தது. நேற்று இடி இடித்து, ஓடை நிரம்பி ஓடுகிறது.

களிம்புக்கு நிறையப் பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

ரோமன் புதுக் குதிரை வாங்கியிருக்கிறான். கறுப்பு. நல்ல நடை.

களஞ்சியம் எழுப்பும் நாளில் வெயில் பார்த்து வேலை செய்யுங்கள். அட்லீக்குப் பூட்ஸ் வாங்கு, நான் சொன்னேன் என்று சொல். கட்டாயம் வாங்கு.

சலோமா


எல்க் வளைவு
ஜூலை 17

அன்புள்ள அக்கா,

வாழ்த்துகள். எல்லோரும் சுகம், களஞ்சியமும் சுகம்! ஒரே நாளில், பக்கத்துக் குடியேற்றத்தாரும் சேர்ந்து நாற்பது ஆண்கள், சாயங்காலம் பால் கறப்பதற்குள் கூரைவரை ஏற்றிவிட்டார்கள். நாங்கள் பெண்கள் இருபத்திரண்டு ஆப்பிள் பை சுட்டோம், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீ பூட்ஸ் வாங்கச் சொன்ன கடிதம் ஒரு வாரம் முன்பே வந்தது. அட்லீ வாங்கவில்லை. களஞ்சியம் எழுப்பிய அன்று மத்தியானம் பழைய பலகை ஒன்றின் மேல் குதித்தார். ஆணி பூட்ஸைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கி எடுத்துப் பார்த்தால் அரை விரல் நீளம் ரத்தம், துரு, சாணி. நான் பதறிவிட்டேன். ஹாகன் அம்மா, "ஊசி போட்டுருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வண்டிச் சாவியோடு நின்றாள். அட்லீ ஒரு காலில் குதித்துக்கொண்டே, "எங்க வீட்ல ஊசிய விடப் பெரிய ஆளு இருக்கா, ஓஹையோவுல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் களிம்பை அப்பிக் கட்டினேன். அக்கா, வெள்ளிக்கிழமையே காயம் மூடிவிட்டது! நேற்று பார்த்தேன், குழந்தையின் பாதம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. அழுத்தினால் மட்டும் கொஞ்சம் வலி.

"நானும் டோராவும் ஒரே டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டவங்க" என்று சபையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது சரி, டோராவைப் பற்றி நீ எழுதவே இல்லையே? பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள்.

உன் ட்ரூசில்லா


பட்டர்நட் பள்ளம்
ஜூலை 24

பிரியமுள்ள தங்கச்சிக்கும் வீட்டாருக்கும்,

வாழ்த்துகள். உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. களஞ்சியம் எழும்பியது பற்றிச் சந்தோஷம். இங்கே சுகம். பீன்ஸ் நன்றாகக் காய்க்கிறது. தக்காளி இன்னும் பச்சை. எனக்குத் தோள்வலி.

உள்ளே ஒரு சீட்டு. ட்ரூசில்லா, நீ தனியாக இருக்கும்போது படி. இன்றே படி.

சலோமா

(சீட்டு) ட்ரூசில்லா, டோரா செத்துவிட்டது. மேலே தோல் மூடியிருந்தது, உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருந்தது. மே கடைசியில் கால் விறைத்தது, பிறகு தாடை. வாயைத் திறக்கவே முடியவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றது. குதிரை டாக்டர் வந்து தோலைக் கீறினார். ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். "இவ்ளோ சீக்கிரம் யாரு இத மூடுனது? ஆழமான காயத்த அடியிலேருந்துதான் ஆறவிடணும்" என்றார். நான் மூடினேன். காம்ஃப்ரி காயத்தின் வாயை அடைத்துவிட்டது. அழுக்கைக் கொல்லுகிற மஞ்சள் வேரை நான்தான் குறைத்தேன், தொப்பிக் கறைக்காக. ரோமன் வெளியே சொல்லமாட்டான், நான் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் என் கையைப் புகழ்ந்தார்கள், எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அட்லீ இதை என் குரலில் படித்துக் காட்டுவாரே என்றும் நினைத்தேன். அவர் காயத்தைத் திறக்கச் சொல். ஹாகன் அம்மாவோடு இன்றே டாக்டரிடம் போங்கள், ஊசி போடுங்கள். தாடை இறுகுகிறதா பார். ஒரு மணி நேரமும் தாமதிக்காதே.


எல்க் வளைவு
ஜூலை 26

அன்புள்ள அக்கா,

நலமா? நாங்கள் நலம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அட்லீக்கு மட்டும் இரண்டு நாளாக உடம்பு சரியில்லை. களஞ்சியத்தின் மேல்தளத்தில் காற்றில் தூங்கிவிட்டார், கழுத்துப் பிடித்துக்கொண்டது. தாடையும் வலிக்கிறதாம், ரொட்டியைப் பாலில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று கிராம்பு வைத்தேன். கால் பற்றிக் கவலை இல்லை, அதுதான் ஆறிவிட்டதே.

ஏனோ எப்போதும் சிரித்த மாதிரியே முகம் இருக்கிறது. "என்ன சிரிப்பு?" என்றேன். "சிரிக்கலடி" என்றார். கடைசியில் அவர் வாய்க்கு ஓய்வு கிடைத்தது என்று கேலி செய்தேன். உன் வாயடைக்கிற களிம்பு வேலை செய்துவிட்டது போலிருக்கிறது!

கழுத்துக்கும் உன் களிம்பைத்தான் தேய்த்துவிடுகிறேன். இந்த ஞாயிறு ஆராதனை எங்கள் வீட்டில். நாளையிலிருந்து பெண்கள் வீடு கழுவ வருகிறார்கள். ஆராதனைக்கான பெஞ்சுகளை ஏற்றிவருகிற வண்டி வெள்ளிக்கிழமை வந்துவிடும். மூச்சுவிட நேரமில்லை.

உன் ட்ரூசில்லா


பட்டர்நட் பள்ளம்
ஜூலை 31

ட்ரூசில்லா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கழுத்து இல்லை, பல் இல்லை. அவரை டாக்டரிடம் கொண்டுபோ. என் சீட்டைப் படித்தாயா? படித்திருப்பாய். படித்திருக்க வேண்டும்.

சபைக்குப் பொதுவான டெலிபோன் குடிலின் சாவி டீக்கன் வீட்டில் இருக்கிறது, காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆணி பற்றிய உன் கடிதம் வந்த அந்தச் சனிக்கிழமையே கேட்டிருக்கலாம். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, தபாலில் போட்டேன். இன்று ஓடிப்போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும், டீக்கன் மனைவி முன்னாலேயே. ஹாகன் அம்மாவின் எண்ணுக்குப் பதினாறு முறை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

காம்ஃப்ரி பாத்தியைப் பிடுங்கி எரித்துவிட்டேன். அதனால் உனக்கு என்ன.

ஒரு வரி எழுது. சுகம் என்று ஒரு வரி.

சலோமா


எல்க் வளைவு
ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். பிள்ளைகள் சுகம். நானும் எழுந்து நடமாடுகிறேன். அடக்கத்துக்கு ரோமன் அண்ணன் வந்ததற்கு நன்றி சொல். உனக்குக் காய்ச்சல் என்றார். இப்போது தேவலையா?

நடந்ததை நானே உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு இவ்வளவு நாள் ஆனது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வீடு நிறையப் பெண்கள், பெஞ்சு இறக்குகிற சத்தம். அட்லீக்குப் பல் கிட்டிவிட்டது, ஆனாலும் உன் கடிதத்தை வேறு யாரும் படிக்கக் கூடாதாம். பற்களுக்கு நடுவிலேயே படித்தார். பீன்ஸ், தக்காளி, தோள்வலி. தோளைப் பிடித்துக் காட்டப் பார்த்தார், கை தூக்க வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் விளையாடுகிறார் என்று நினைத்து. கடைசியில் அந்தச் சீட்டை எடுத்தார். தனியாகப் படி என்று நீ எழுதியிருந்த வரியையும் அவரே வாசித்திருந்தார். இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டி, "பொம்பளைங்க சீட்டு, இந்தா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி முழுப் பேச்சு அதுதான்.

அவர் உயிர் அவர் கையில் இருந்தது அக்கா. பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார், அவ்வளவு நல்ல மனுஷன்.

தொட்டில் விஷயம் என்றுதான் நினைத்தேன். சுற்றிலும் பெண்கள். 'இன்றே' என்றால் நீ எப்போதும் போலக் கவலைப்படுகிறாய் என்று ஏப்ரன் பையில் போட்டேன். சனிக்கிழமை முழுக்க அடுப்படி. ஞாயிறு காலை ஆராதனையில் இரண்டாம் பாட்டுப் பாடும்போது ஆண்கள் வரிசையில் பெஞ்சு கவிழ்ந்தது. அவர் முதுகு வில்லாக வளைந்திருந்தது. ஹாகன் அம்மாதான் வண்டியில் கொண்டுபோனாள், ஆஸ்பத்திரியை விட்டு நான்கு நாள் அவளும் நகரவில்லை. டாக்டர் குதிகாலைக் கீறினார். மேலே பட்டு மாதிரித் தோல். அடியில் கறுப்பு. "வெள்ளிக்கிழமையே வந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்துச்சும்மா" என்றார். வியாழக்கிழமை முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை துணி துவைக்கும்போது ஏப்ரன் பையில் சீட்டு கிடைத்தது. முற்றத்தில் யாருமில்லை. நீ சொன்னபடி தனியாகத்தான் படித்தேன்.

பிஷப் வந்து கேட்டார், "சலோமாவை மன்னித்தாயா?" என்று. மன்னித்தேன் என்றேன். பொய் சொல்லவில்லை. நம் வழி அதுதான், வாயால் முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டேன். மிச்சத்தை ஒவ்வொரு காலையும் எழுந்து முதலிலிருந்து செய்கிறேன். சில நாள் வருகிறது. சில நாள் பால் கறந்து முடிக்கும்வரை வருவதில்லை. உன்னை வெறுக்கிறேன், உன்னை நினைத்து அழவும் செய்கிறேன். வந்து என் பக்கத்தில் உட்கார மாட்டாயா என்றும் தோன்றுகிறது. வராதே என்றும் தோன்றுகிறது.

மிச்சம் இருந்த களிம்பு டப்பாக்களைப் புதைத்துவிட்டேன். நீ கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நீயே போய்ச் சொல், காரணத்தோடு.

இனி இந்த வீட்டில் தனிச்சீட்டு கிடையாது. சாப்பாடு முடிந்ததும் மார்லின்தான் கடிதம் படிக்கிறான். பத்து வயசு. அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுகிறான், அது மூக்கில் நிற்பதில்லை. குரல் மாற்றிப் படிப்பதில்லை. நீ எழுதுகிற எல்லாவற்றையும் அவன் சத்தமாகப் படிப்பான், நாங்கள் எல்லோரும் கேட்போம். அதனால் அடுத்த கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுது. எல்லோர் காதும் கேட்க, மறைக்காமல் எழுது. நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ.

டோராவுக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் தங்கச்சி,
ட்ரூசில்லா